கடைசி நாட்களை ஒப்படைக்கும் முன்

"இனிமேல் இங்கே வைத்திருப்பதில் பிரயோஜனமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுங்கள்" என்ற வாக்கியம் மதுரை மாநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளின் தாழ்வாரங்களில் நாள் தவறாமல் யாரோ ஒரு குடும்பத்தின் செவியில் விழுந்துகொண்டிருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி முதலிய சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து மாத்திரமல்லாமல், சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம், தேனி ஜில்லாக்களிலிருந்தும், நகையை அடகு வைத்தும் நிலத்தை ஒத்திக்கு விட்டும் மேல்வைத்தியத்துக்காக இந்நகரை நாடி வந்தவர்கள், அந்த வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தில், "டாக்டர் கையை விரித்துவிட்டார்" என்று ஊருக்குத் தகவல் சொல்லிவிட்டு, நோயாளியை வாடகைக் காரிலோ ஆம்புலன்ஸிலோ ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். அதன் பிறகு அந்த நோயாளிக்கு எஞ்சியிருப்பது சில வாரங்களாகவும் இருக்கலாம், சில மாதங்களாகவும் இருக்கலாம். வியாதி குணமாகாது என்று டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் வலி தணியாது என்றோ, மூச்சுத் திணறல் குறையாது என்றோ, புண்ணின் நாற்றம் நீங்காது என்றோ அவர் சொல்லவில்லை என்பதை அந்தக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்வார் யாரும் அப்போது அருகில் இருப்பதில்லை.

குணப்படுத்துவதற்கு ஒன்றுமில்லாத நிலையிலும் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்ற கொள்கையை நவீன வைத்தியத்துக்குள் ஸ்திரமாக நாட்டியவர் சிஸிலி ஸாண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. முதலில் நர்ஸாகவும், பின்னர் ஆஸ்பத்திரியில் சமூக சேவகியாகவும், அதன் பிறகு டாக்டராகவும் பயிற்சி பெற்ற அவர், 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்னும் மரணகாலப் பராமரிப்பு இல்லத்தை ஆரம்பித்தபோது, மரணத்தை நெருங்கியவரின் வலியில் உடம்பின் நோவோடு, குடும்பத்தைப் பற்றிய கவலையும், தனிமையும், ஆத்ம சம்பந்தமான தவிப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன என்றும், ஆகையால் அவற்றை ஒருங்கே கவனித்தாலன்றி எதுவும் முழுமையாகத் தணியாது என்றும் காட்டினார். நம் தேசத்தில் 1986-இல் பம்பாயின் பாந்த்ராவில் டாக்டர் டிஸௌஸா நிறுவிய சாந்தி அவேத்னா சதன் இவ்வகையில் முதலாவது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரண கிளினிக், நாளடைவில் கேரளமெங்கும் அக்கம்பக்கத்தாரே திரண்டு நோயாளிகளின் வீடு தேடிச் செல்லும் இயக்கமாக வளர்ந்து, 2008-இல் அம்மாநில அரசாங்கமே இதற்கென ஒரு கொள்கையை வகுக்கும்படி செய்தது. தமிழ்நாட்டில், சென்னை மணலியை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா இல்லம் இருக்கிறது. நம் மதுரையிலேயே ஐஸ்வர்யம் அறக்கட்டளையாரின் நேத்ராவதி வலி நிவாரண மையம் கைவிடப்பட்ட நோயாளிகளை ஏற்றுப் பராமரிக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கி வைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுப்பதோடு, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் வந்து பார்க்கும் நர்ஸ்களும் வட்டாரந்தோறும் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஆகவே இப்படிப்பட்ட இடம் உண்டா என்று தேடிக் கண்டுபிடித்த குடும்பத்துக்கு, அது நல்ல இடந்தானா என்று அறிவது எப்படி என்ற அடுத்த கேள்வி எழுகிறது. அதைக் கேட்கவொட்டாமல் நம் ஜனங்களைத் தடுப்பது சங்கோசம். பெரும்பாலான இல்லங்கள் தர்ம ஸ்தாபனங்கள். காசு வாங்காமல் ஒருவர் நம் தகப்பனாரின் புண்ணைக் கழுவுகிறார் என்றால், அவரிடம் போய், "உங்களுக்கு இதில் பயிற்சி உண்டா, ராத்திரியில் யார் இருப்பார்கள்" என்று விசாரிப்பது நன்றி கெட்ட செயல் என்று தோன்றுகிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்ற பழமொழி நம் நாவில் ஊறிப்போனது. என்னுடைய அபிப்பிராயம் இதற்கு நேர் விரோதமானது. இறந்துகொண்டிருப்பவர் பிற்பாடு திரும்பி வந்து குறை கூறப்போவதில்லை. இருக்கும்போதும், பேசச் சக்தியற்றவராகவோ, உபகாரம் செய்கிறவர்களைப் பற்றி வாய் திறக்கக் கூசுகிறவராகவோ இருக்கிறார். குடும்பத்தாரும் துக்கம் கழிந்த பின் அதைக் கிளற விரும்புவதில்லை. இவ்விதம் யாருமே குறை சொல்லாத ஒரு சேவை, அந்தக் காரணத்தினாலேயே, மற்றெந்தச் சேவையையும்விட நுணுக்கமாகப் பரிசோதிக்கப்பட வேண்டியது. இலவசமும் உயர்ந்த தரமும் ஒன்றாக இருக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு மதுரையிலேயே பிரத்தியட்சமான பதில் இருக்கிறது. 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், பணம் கட்டியவரின் கண்ணுக்கும் கட்டாதவரின் கண்ணுக்கும் ஆபரேஷனின் தரத்தில் பேதம் கிடையாது.

விசாரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமும் தமிழ்நாட்டில் உண்டு. 2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் ஜில்லா பாலேஸ்வரத்தில் இருந்த ஒரு கருணை இல்லத்தின் வண்டியைப் பொதுமக்கள் வழிமறித்தபோது, உயிரோடிருந்த முதியவர்களும் ஒரு பிரேதமும் ஒரே வண்டியில் இருந்ததைக் கண்டு பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதிகாரிகள் ஆய்வு நடத்தினார்கள். அங்கிருந்தவர்களில் பலர் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அந்த இல்லத்தின் மேல் கூறப்பட்ட குற்றச்சாட்டுக்களில் எது உண்மை, எது மிகை என்ற விவாதத்துக்குள் நான் புகவில்லை. பல வருஷங்களாக நடந்துவந்த ஓர் இல்லத்தைப் பற்றி, ஒரு வண்டி தற்செயலாக நின்ற பிறகுதான் ஊர் கேள்வி கேட்கத் துணிந்தது என்பதே எனக்கு வருத்தம் தருகிறது.

இனி, எதைக் கேட்பது? முதலாவதும் முக்கியமானதும் வலி. ஓர் இல்லத்தின் தரை பளபளவென்றிருக்கலாம், முற்றத்தில் துளசி மாடமும் மாதா சொரூபமும் இருக்கலாம், ஊழியர்கள் தேனொழுகப் பேசலாம். அங்குள்ள நோயாளியின் வலி எவ்வளவு என்று தினமும் கேட்டு எழுதி வைக்கிறார்களா என்று பார்க்காத வரையில் இவையெல்லாம் நமக்கு ஒன்றையும் தெரிவிக்கமாட்டா. ஒரு வார்டில் நான் கண்ட காட்சியைச் சொல்லுகிறேன். வாயில் புற்று வைத்துக் கன்னம் துளைபட்டிருந்த ஒரு கிழவி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நாற்பது வருஷம் பொயிலை போட்ட வாய். பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணிச் சொல்லச் சொன்னால் அவளுக்கு விளங்கவில்லை. நர்ஸ் கட்டிலோரம் உட்கார்ந்து, "தாங்கவே முடியாத வலிய ஒரு ரூவான்னு வச்சுக்கங்க அப்பத்தா, இப்ப எம்புட்டுக் காசு வலிக்குது?" என்றாள். கிழவி சற்று யோசித்து, "முக்கா ரூவா இருக்கும் தாயி" என்றாள். நர்ஸ் அதைக் கால்மாட்டில் தொங்கிய தாளில் குறித்துக்கொண்டு, மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊட்டிவிட்டுப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து, வேறு வேலைக்கிடையே தானாகவே திரும்பி வந்து, மறுபடியும் கேட்டாள். "கா ரூவாத்தான்" என்று பதில் வந்தது. அதையும் எழுதினாள். இந்த இரண்டாவது கேள்விதான் விஷயம். மருந்து கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்; தாளில் ஒரே ஒரு எண் இருக்கும், அல்லது தாளே இராது.

அந்த மாத்திரை மார்ஃபின். கடுமையான புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 1986-இல் வெளியிட்ட படிப்படியான சிகிச்சை முறையில் மேல் படியில் வைக்கப்பட்ட மருந்து இது. மருந்துக்காகச் சட்டப்படி அபினி விளைவிக்கும் தேசம் நம்முடையது. ஆயினும் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த லைசென்ஸ் சிக்கல்களால், அதற்கடுத்த பன்னிரண்டு வருஷங்களில் இந்தியாவில் வைத்தியத்துக்கான மார்ஃபின் உபயோகம் சுமார் 97 சதவீதம் வீழ்ந்தது. எத்தனை லட்சம் பேர் அக்காலத்தில் கதறிக்கொண்டு இறந்தார்கள் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன் உட்பட ஆறு மருந்துகளை, அங்கீகாரம் பெற்ற வைத்திய ஸ்தாபனங்கள் ஒரே அனுமதியின் கீழ் வாங்கி வைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. ஆதலால், "இங்கே மார்ஃபின் மாத்திரை உண்டா, அதற்கான அங்கீகாரம் உங்கள் பெயரில் இருக்கிறதா, இருப்பு தீர்ந்துபோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்" என்று கேட்பது எவ்விதத்திலும் மரியாதைக் குறைவன்று. "அதெல்லாம் கொடுத்தால் பழக்கமாகிவிடும், உயிருக்கு ஆபத்து" என்று ஓர் இல்லத்தார் சொல்வார்களேயானால், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாயினும், இந்தக் காரியத்துக்கு ஏற்றவர்களல்லர்.

மார்ஃபின் இருந்தால் மாத்திரம் போதாது. அதைக் கொடுக்கும் முறையிலே ஞானம் வெளிப்படும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணி நேரந்தான் நிற்கும். ஆகையால் வலி வந்த பிறகு கொடுப்பது என்றில்லாமல், காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்து, நடுநிசியில் எழுப்ப வேண்டாமென்று இரவு பத்து மணிக்கு இரட்டிப்பு அளவாகக் கொடுப்பது வழக்கம். இடையில் திடீரென்று வலி கிளம்பினால் கொடுப்பதற்குத் தனி அளவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மார்ஃபின் சாப்பிடுகிறவருக்கு மலச்சிக்கல் ஏற்படுவது ஏறக்குறைய நிச்சயம்; எனவே மருந்துச் சீட்டில் மார்ஃபினுக்குப் பக்கத்திலேயே மலமிளக்கியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், எழுதியவர் இத்துறையில் பழகியவரா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

வலிக்கு அடுத்தது புண். நம் பக்கத்தில் பெரிதும் காணப்படும் வாய்ப்புற்றும் மார்புப் புற்றும் வெளியே வெடித்துச் சீழ்பிடிக்கும்போது எழும் துர்நாற்றம், நோயாளியை வலியைக் காட்டிலும் அதிகமாக வதைக்கிறது. பேரக்குழந்தைகள் கிட்டே வரமாட்டார்கள், மருமகள் மூக்கைப் பொத்திக்கொள்வாள், நாளடைவில் கட்டில் திண்ணைக்கோ மாட்டுக்கொட்டத்துக்கோ போய்விடும். மெட்ரோனிடஸோல் என்னும் சாதாரணமான, மலிவான மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவினால் நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகள் மடிந்து, சில தினங்களில் அந்த மனிதர் மறுபடியும் வீட்டுக்குள் வர முடிகிறது. ஒரு வார்டுக்குள் நுழைந்தவுடன் ஊதுவத்தியும் ஃபினாயிலும் கலந்த வாசனை அடித்து, அதற்கடியில் புண்ணின் நாற்றம் மறைந்திருந்தால், அங்கே காற்றுக்குச் செய்யும் சிகிச்சை புண்ணுக்குச் செய்யப்படவில்லை என்று அர்த்தம். புரள முடியாதவர்களை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா என்பதை அவர்களுடைய இடுப்பும் குதிகாலும் சொல்லும். போர்வையை விலக்கிப் பார்க்க நமக்கு உரிமையில்லை. ஆனால் சேர்க்கும்போது இல்லாத படுக்கைப் புண் எத்தனை பேருக்குப் பிறகு வந்தது என்று கேட்க உரிமையுண்டு, நல்ல இல்லத்தார் அதற்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். வாயையும் பாருங்கள். உதடு வெடித்து, நாக்கில் வெள்ளைப் படலம் பூத்திருப்பவர்கள் பலர் அங்கே இருந்தால், சோறு ஊட்டுவதற்கு ஆளிருக்கிறது, வாயைத் துடைத்துவிட ஆளில்லை என்று அறியலாம்.

இவ்விடத்தில் நம் வழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது உற்றார் உறவினர் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றுவது மதுரைச் சீமையில் எல்லா ஜாதியாரிடமும் காணப்படுகிற சடங்கு. விழுங்கும் சக்தியற்றவரின் வாயில் ஊற்றிய பால் மூச்சுக்குழாயில் இறங்கித் திணறடிக்கும் என்பது வைத்தியம் அறிந்த உண்மை. இதைச் சொல்லி, கூடிநிற்கும் ஜனங்களை அதட்டி வெளியே அனுப்பும் நர்ஸும் உண்டு. பஞ்சைப் பாலில் நனைத்துக் கையில் கொடுத்து, "உதட்டுல தொட்டு வைங்கம்மா, போதும், அவுகளுக்குத் தெரியும்" என்று சொல்லி, நோயாளிக்கு உபத்திரவம் நேராமலும் மகளின் மனம் நோகாமலும் சடங்கை நிறைவேற்றி வைக்கும் நர்ஸும் உண்டு. இரண்டாவது வகையினர் இருக்கும் இடத்துக்கு என் உறவினரைத் தயங்காமல் அனுப்புவேன். துவா ஓதுகிறவர்களுக்கும், பாதிரியாரை அழைக்க விரும்புகிறவர்களுக்கும் அங்கே அதே இடம் கிடைக்கும் என்றும் நம்பலாம்.

இரவைப் பற்றிக் கேட்காமல் எந்த முடிவுக்கும் வரலாகாது. பகல் பதினொரு மணிக்கு எந்த ஆஸ்பத்திரியும் ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கும். தவிப்பும் மூச்சுத் திணறலும் பயமும் அதிகப்படுவது நடுநிசிக்குப் பிறகு. அப்போது விழித்திருப்பவர் பயிற்சி பெற்ற நர்ஸா, அல்லது சமையலுக்கும் காவலுக்கும் சேர்த்து வைத்திருக்கும் ஆளா? டாக்டரை எழுப்பாமலே அந்த நர்ஸ் கொடுக்கக்கூடிய மருந்துகள் எவையென்று முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றனவா? விழுங்க முடியாதவருக்குத் தோலுக்கடியில் ஊசி வழியாக மருந்து கொடுக்கத் தெரியுமா? விடியற்காலையில் உயிர் பிரிந்தால், சான்றிதழில் கையெழுத்திட டாக்டர் எப்போது வருவார்? தத்தனேரி மயானத்து வாசலில் சடலத்தோடு நின்றுகொண்டு காகிதத்துக்காக அலைந்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். இரண்டு இல்லங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்பேன்.

உண்மையைச் சொல்வது எப்படி என்பதிலும் இல்லத்தின் தரம் இருக்கிறது. நம் குடும்பங்களில் நோயாளியைத் தவிர மற்றெல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரிந்தால் உடைந்துபோவார் என்று மகன் கண்கலங்கிக் கேட்டுக்கொள்ள, தமக்குத் தெரியும் என்பது மகனுக்குத் தெரிந்தால் அவன் உடைந்துபோவான் என்று தகப்பனார் மௌனமாயிருப்பார். நல்ல இல்லத்தார் இதில் அவசரப்படமாட்டார்கள். நோயாளி எவ்வளவு அறிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரிடமே நிதானமாகக் கேட்டறிந்து, அந்த அளவுக்குச் சொல்வார்கள், பொய் மாத்திரம் சொல்லமாட்டார்கள். நிலத்தைப் பாகம் பிரிப்பது, விலகியிருக்கும் தம்பியைப் பார்ப்பது, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்துவது போன்ற காரியங்கள் இந்தப் பேச்சு நடந்தால்தான் நடக்கும். குணமாகும் நம்பிக்கையற்ற நிலையில் செயற்கைச் சுவாசம் முதலியவை தமக்கு வேண்டாமென்று முன்னதாகவே எழுதிவைக்கும் உரிமையைச் சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச் 9-ஆம் தேதித் தீர்ப்பில் ஒப்புக்கொண்டு, 2023 ஜனவரியில் அதற்கான நடைமுறையை, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றே போதும்படி எளிதாக்கியும் இருக்கிறது. அத்தகைய விருப்பம் நோயாளிக்கு இருந்தால் அதைக் குறிப்பேட்டில் பதிவு செய்கிறார்களா என்றும் விசாரிக்கலாம்.

கௌரவம் என்ற விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பானவன். பிறந்தநாளுக்கும் திதிக்கும் இல்லங்களில் சாப்பாடு போடுவது நம் நாட்டின் அழகான வழக்கம். அந்தப் பணத்தினால்தான் பல இல்லங்களின் அடுப்பு எரிகிறது. ஆனால் உபயதாரர் வந்துவிட்டார் என்பதற்காக, அப்போதுதான் கண்ணயர்ந்த நோயாளியைத் தட்டி எழுப்பிச் சாய்த்து உட்கார வைத்து, இலையோடு படம் எடுப்பதும், எலும்பும் தோலுமான முகங்களை நன்கொடை விளம்பரங்களில் அச்சிடுவதும் எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும் தவறு. சுவரில் யாருடைய படங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன என்று கவனியுங்கள். குளிப்பாட்டும்போது திரை இழுத்து மறைக்கிறார்களா, பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களா அல்லது கட்டில் நம்பரைச் சொல்லியா என்பவையும் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பெரும்பாலோர் கடைசி மூச்சைத் தம் வீட்டிலேயே விட விரும்புகிறார்கள். ஆகையால் வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவையின் தரமே அதிக ஜனங்களைத் தொடுகிற விஷயம். உசிலம்பட்டிக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்துக்கு மாதம் ஒரு தடவை வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போவதைப் பராமரிப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எத்தனை நாளுக்கொரு முறை வருவார்கள், இடையில் போன் செய்தால் எடுக்கிறவர் யார், எவ்வளவு தூரம் வரை வருவார்கள் என்பவற்றோடு, வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஏனெனில் ஒரு வாரத்தின் நூற்று அறுபத்தெட்டு மணியில் நர்ஸ் இருப்பது ஒரு மணி, மீதி முழுதும் மகளோ மருமகளோதான். புண் கட்டுவதற்கும், மூத்திரக் குழாயைச் சுத்தமாக வைப்பதற்கும், முதுகு நோகாமல் நோயாளியைப் புரட்டுவதற்கும் கைப்பழக்கம் வரும் வரை கூட இருந்து சொல்லிக்கொடுப்பவர்கள் நல்லவர்கள். விருதுநகர், மதுரைச் சமவெளிக் கிராமங்கள் சிலவற்றில் படுத்துவிட்ட முதியோரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகவிடும் தலைக்கூத்தல் என்னும் கொடிய வழக்கம் நிலவியது 2010 வாக்கில் பத்திரிகைகளில் அடிபட்டபோது, எல்லோரும் அந்தப் பிள்ளைகளைச் சபித்தோம். சபிக்கத்தக்க செயல்தான்; ஆனால் அந்த வாசலில் ஒரு நர்ஸ் கூட ஏறியதில்லை, வலிக்கு ஒரு மாத்திரை கூட எட்டியதில்லை என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தரத்தை அளக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, அளந்திருக்கிறார்கள் என்பதே பதில். லண்டனில் உள்ள ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2010-இல் 40 தேசங்களின் மரணகாலப் பராமரிப்பை ஒப்பிட்டபோது பிரிட்டன் முதலாவதாகவும் இந்தியா நாற்பதாவதாகவும் நின்றன; 2015-இல் 80 தேசங்களில் நமக்குக் கிடைத்த இடம் 67. உலகத்தில் வருஷந்தோறும் இத்தகைய பராமரிப்பு தேவைப்படும் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேரில் 14 சதவீதத்தினருக்கே அது கிட்டுகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நம் தேசத்து வல்லுநர்களே கூடி, பல்லியம் இந்தியா ஸ்தாபனத்தின் முயற்சியால், ஓர் இல்லத்துக்கு அத்தியாவசியமானவை இவை, விரும்பத்தக்கவை இவை என்று பிரித்துக் குறைந்தபட்சத் தரப் பட்டியல் ஒன்றைத் தயாரித்திருக்கிறார்கள். வலியை அளந்து பதிவு செய்தல், வாய்வழி மார்ஃபின் தடையின்றிக் கிடைத்தல், பயிற்சி பெற்ற டாக்டரும் நர்ஸும் இருத்தல் முதலியன அதில் அத்தியாவசியப் பகுதியில் இருக்கின்றன. "அந்தப் பட்டியலை வைத்து உங்களை நீங்களே சோதித்துக்கொண்டதுண்டா" என்று கேளுங்கள். அமெரிக்காவில் ஒரு படி மேலே சென்று, நோயாளி இறந்து இரண்டு மூன்று மாதங்கள் கழிந்த பின், பராமரித்த உறவினருக்குக் கேள்வித்தாள் அனுப்பி, கூப்பிட்ட நேரத்தில் வந்தார்களா, மரியாதையாக நடத்தினார்களா, வலிக்கு உதவினார்களா என்றெல்லாம் கேட்டு, விடைகளின் சாரத்தை ஒவ்வொரு ஹாஸ்பிஸின் பெயரோடும் எல்லோரும் பார்க்க வெளியிடுகிறார்கள். நம் ஊரில் அந்தக் கேள்வித்தாள் இல்லை; எனவே நாமே சென்று கேட்க வேண்டியதுதான். ஓர் இல்லத்தில் தாயையோ தகப்பனையோ வைத்திருந்து, கருமாதி கழிந்து சில மாதமான குடும்பம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். புகழ்ச்சியைக் கேட்டு நின்றுவிடாமல், "கடைசி இரண்டு நாள் எப்படியிருந்தது, அதற்குப் பிறகு அவர்களில் யாராவது உங்களை வந்து பார்த்தார்களா, போனாவது செய்தார்களா" என்று கேளுங்கள்.

பணவிஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: இலவசமென்றால் எது எது இலவசம், மருந்துக்கும் டயப்பருக்கும் ஆம்புலன்ஸுக்கும் யார் கொடுப்பது என்பதைச் சேர்க்கும் அன்றே எழுத்தில் வாங்கிக்கொள்வது இருதரப்புக்கும் நல்லது. 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு தனியார் மருத்துவ நிலையங்கள் சட்டமும் அதன் கீழ் 2018-இல் வந்த விதிகளும் தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்யும்படி விதிக்கின்றன. பதிவுச் சான்றிதழ் பார்வையில் படும்படி மாட்டப்பட்டிருக்கிறதா என்று நோக்கலாம், முறைகேடு கண்டால் ஜில்லாவின் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

இவ்வளவையும் விசாரிக்க அவகாசம் வேண்டும் என்பதால், நோயாளி இன்னும் எழுந்து நடக்கக்கூடிய நாட்களிலேயே போய்ப் பார்த்து வருவது உசிதம். நினைவு தப்பிய பிறகு கடைசி இரவில் கொண்டுபோய்ச் சேர்த்தால் எந்த இல்லத்தாராலும் அதிகமாக ஒன்றும் செய்ய இயலாது. கூடுமானால் நோயாளியையும் அழைத்துச் செல்லுங்கள், இடத்தைப் பற்றி அவர் சொல்வதைக் கேளுங்கள். கையில் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன், தற்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவை இருக்கட்டும். இவை இருந்தால், புதிய டாக்டர் வியாதியின் நிலைமையை அன்றே அறிந்துகொண்டு, மார்ஃபின் தேவைப்பட்டால் தாமதமின்றி எழுதிக் கொடுக்க முடியும்.